கைக்குழந்தையோடு கப்பல் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே வந்து இறங்கும் நான்கைந்து நாள் உல்லாசக் கப்பல் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். அவற்றில் கைக்குழந்தை சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வாசகி, தாம்பரம்: சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் எங்களையும் சேர்த்து நான்கு இரவுப் பயணத்துக்கு டிக்கெட் போடப் போகிறார். கிளம்பும் நாளில் என் மகளுக்கு 5 மாதம் 20 நாள் ஆகியிருக்கும். "பத்து நாள்தானே, யாரு பாக்கப் போறா" என்கிறார் ஏஜென்ட். போகலாமா?

பார்ப்பார்கள். கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டியதும் கணினி முதலில் பார்ப்பதே பிறந்த தேதியைத்தான். ராயல் கரீபியன், டிஸ்னி, நார்வீஜியன், கார்னிவல் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் குறைந்தபட்ச வயது ஆறு மாதம். டிக்கெட் போடும் நாளில் அல்ல, கப்பல் புறப்படும் நாளில் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள். கட்டின பணமும் பெரும்பாலும் திரும்பாது. குழந்தையை மட்டும் தடுத்தாலும் கூடவே நீங்களும்தான் கரையில் நிற்க வேண்டும்.

இது வீம்புக்கு வைத்த விதி இல்லை. கப்பலில் இருப்பது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அவசர சிகிச்சை தெரிந்த டாக்டரும் நர்சுகளும் இருப்பார்கள். குழந்தை மருத்துவர் இருக்கமாட்டார், பச்சைக்குழந்தைக்கான தீவிர சிகிச்சை வசதியும் கிடையாது. மூன்று மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கரையில் இரத்தப் பரிசோதனை வரை போவார்கள். நடுக்கடலில் அதற்கு வழியில்லை. கரையை விட்டு எவ்வளவு நாள் விலகுகிறதோ அதற்கேற்ப வயதையும் ஏற்றுகிறார்கள்: தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கடலிலேயே போகும் பயணங்களுக்கும், அட்லான்டிக் கடக்கும் பயணங்களுக்கும் பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

பயணத்தை மூன்று வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இன்னொன்றையும் இப்போதே ஏஜென்டிடம் கேளுங்கள்: குழந்தைக்கு என்ன கட்டணம்? விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டால் பத்து சதவீதம் என்கிற கணக்கு இங்கே செல்லாது. உயிர்காப்புப் படகில் குழந்தைக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பதால் அதுவும் ஒரு முழுப் பயணிதான். கேபினில் மூன்றாவது ஆளுக்கான கட்டணம், துறைமுக வரி எல்லாம் சேர்ந்து வரும். சில நிறுவனங்கள் குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும். அப்போதும் வரி உண்டு.

வாசகர், கோவை: எங்கள் பையனுக்கு அப்போது 14 மாதம். ஓடிக்கொண்டே இருப்பான், தண்ணீர் என்றால் உயிர். கப்பலில் நீச்சல் குளம் இருப்பதால் அவனுக்குப் பொழுதுபோகும் என்று நினைக்கிறோம்.

அந்த நினைப்பை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். டயப்பர் போடும் வயதில் எந்தக் குழந்தையையும் கப்பல் குளத்தில் இறக்கவிட மாட்டார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதே பதில்தான். நீச்சல் டயப்பர் கெட்டியாகப் போவதைத்தான் பிடிக்கும். தண்ணீராகப் போவதும் அதிலுள்ள கிருமியும் குளத்துக்குள் வந்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் தண்ணீரிலும் பல நாள் சாகாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிடும் இடத்தில் அது பரவினால் கப்பலே படுத்துவிடும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறை விதித்தது இது. அந்த நிறுவனங்கள் ஆசியக் கடலிலும் இதையே கடைப்பிடிக்கின்றன.

சில கப்பல்களில் டயப்பர் குழந்தைகளுக்கென்றே தண்ணீர் பீய்ச்சும் சின்ன இடம் தனியாக உண்டு. நீங்கள் போகும் கப்பலில் இருக்கிறதா என்று கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் சரியான பதில் வராது, ஒரே நிறுவனத்தில் ஒரு கப்பலில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இல்லையென்றால், காற்றடிக்கும் சின்னக் குளியல் தொட்டி ஒன்றைப் பெட்டியில் மடித்து வையுங்கள். கேபின் குளியலறையில் பெரும்பாலும் ஷவர் மட்டும்தான், வாளி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குவளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி எங்கள் கருத்து: தவழாத ஏழெட்டு மாதக் குழந்தையோடு போவது எளிது. பன்னிரண்டு முதல் இருபது மாதம் வரைதான் கஷ்டம். நடக்க ஆசை, இடம் இல்லை. குளத்தில் விட முடியாது. கப்பலின் குழந்தைகள் கிளப்பில் சேர்க்கப் பெரும்பாலும் மூன்று வயது ஆகி, டயப்பரும் விட்டிருக்க வேண்டும். ராயல் கரீபியன், டிஸ்னி கப்பல்கள் பலவற்றில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை பார்த்துக்கொள்ளும் காப்பகம் உண்டு. மணிக்கணக்கில் தனிக் கட்டணம். இடம் சொற்பம், ஆகவே முன்பதிவு திறந்த அன்றே மாலை உணவு நேரத்துக்குப் போட்டு வையுங்கள். புது முகம் பார்த்து அழும் பருவம் இது. விடாமல் அழுதால் உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகத் தயாராக இருங்கள்.

வாசகி, மதுரை: எட்டு மாதக் குழந்தை. பாதிக்குப் பாதி ஃபார்முலா பால், மற்றபடி சத்துமாவுக் கஞ்சி, பருப்புச் சோறு. மின்சாரக் கெட்டிலும் குட்டி ரைஸ் குக்கரும் கொண்டுபோகலாம் அல்லவா?

கூடாது. சூடேற்றும் கம்பி உள்ள எதையும் ஏற்றமாட்டார்கள்: கெட்டில், குக்கர், ஹாட்பிளேட், இஸ்திரிப்பெட்டி. கப்பலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. ஸ்கேனில் பிடித்து, இறங்கும்போது திருப்பித் தருவார்கள். பாட்டில் சூடாக்கும் கருவியைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

கெட்டில் இல்லாமல் பால் கலக்க அரை லிட்டர் ஃபிளாஸ்க் இரண்டு போதும். பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதில் இருக்கக்கூடிய கிருமி சாக வேண்டுமானால் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக்கூடாது. கொதித்து அரை மணிக்குள் இருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்கும். பஃபேயில் டீத்தண்ணீர் வரும் குழாயின் சூடு கப்பலுக்குக் கப்பல் மாறும். "குழந்தைப் பாலுக்கு, இப்போது கொதித்த தண்ணீர்" என்று கேட்டு வாங்குவது நல்லது. முதலில் ஃபிளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். குளிர்ந்த ஃபிளாஸ்க் கொஞ்சம் சூட்டை விழுங்கிவிடும். பிறகு நிரப்பி, கேபினுக்கு வந்ததும் கலந்து, பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றிக் கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குழந்தை வாய் வைத்து மீந்ததை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். கேபினில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜை நம்பி ராத்திரிக்குக் கலந்து வைக்கவும் கூடாது. அது பானத்தைக் குளுமையாக வைக்கும் பெட்டிதான், வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது.

அளவுக் கணக்கு: ஒரு வேளைக்கு 180 மி.லி., நாளுக்கு நான்கு வேளை என்றால் நம் ஊர் பவுடரில் 30 மி.லி.க்கு ஒரு கரண்டி வீதம் 24 கரண்டி. ஒரு கரண்டி சுமார் நாலரை கிராம், ஆக நாளுக்கு 110 கிராம் போல. ஐந்து நாளுக்கு 550. நானூறு கிராம் டப்பா இரண்டு எடுங்கள். கப்பல் கடையில் உங்கள் பிராண்ட் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பாட்டில் சுத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில் போடும் கிருமிநீக்கி மாத்திரை வசதி. ஐந்து லிட்டருக்கு ஒன்று என்ற வகைதான் அதிகம், பதினைந்து நிமிடம் ஊறினால் போதும், ஒருமுறை கலந்தது 24 மணி நேரம் வரும். ஐந்து லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட டப்பாவை இங்கிருந்தே கொண்டுபோங்கள். அதற்குள்ளேயே டயப்பரை அடைத்துவிட்டால் இடமும் வீணாகாது.

சத்துமாவில் ஒரு சிக்கல். வறுத்து அரைத்த மாவை வெந்நீரில் கரைத்தால் வெந்துவிடாது, அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும். நீங்கள் கொண்டுபோகும் மாவைக் கப்பல் சமையலறையில் பெரும்பாலும் கிண்டித் தரமாட்டார்கள், வெளிப்பொருளை உள்ளே சேர்ப்பதில்லை. வெந்நீர் ஊற்றினாலே தயாராகும், சீல் உடைக்காத குழந்தை உணவுப் பாக்கெட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் பொட்டலம் கட்டியது தடுக்கப்படலாம். பருப்புச் சோற்றுக்குக் கவலை வேண்டாம். முதல் நாள் இரவே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் சொல்லி வைத்தால் சோறு, பருப்பு, காரட், உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்து அரைத்துத் தருவார்கள். "உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பஃபே இட்லியிலும் உப்பு இருக்கும். ஒரு வாய் மசித்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, மூன்று வேளையும் அதுவே வேண்டாம்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு மாலையில்தான் கேபின் வாசலில் வைப்பார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கான பால், டயப்பர், மாற்றுத்துணி, மருந்து எல்லாம் தோள் பையில் இருக்கட்டும்.

வாசகி, திருநெல்வேலி: என் பையன் தூளியில் போட்டால்தான் தூங்குவான். கேபினில் சேலை கட்ட வசதி இருக்குமா?

இருக்காது. கூரையில் கொக்கி கிடையாது. கேபின் சுவர்கள் இரும்புத் தகடு; அதில் காந்தக் கொக்கி ஒட்டும், தொப்பியும் ஈரத் துண்டும் மாட்ட அது சௌகரியம். அதைப் பார்த்துவிட்டு நாலு கொக்கி போட்டுத் தூளி கட்டலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கப்பல் லேசாகச் சாய்ந்தாலே காந்தம் வழுக்கும்.

வலைத்துணி போட்ட மடக்குத் தொட்டிலைக் கேட்டால் தருவார்கள், பெரும்பாலும் இலவசம். டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள். அது கேபினில் நுழைந்த பிறகு நடக்க ஒரு முழம் இடம்தான் மிஞ்சும். உண்மையான பிரச்சினை வேறு: தூளியில் முதுகு வளைந்து, இரு பக்கமும் துணி அணைத்தபடி தூங்கிப் பழகிய பிள்ளை, தட்டையான மெத்தையில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே பகல் தூக்கம் ஒன்றை மட்டும் பாயில் போட்டுப் பழக்குங்கள். அடுத்த வாரம் இரவுத் தூக்கத்தையும் மாற்றுங்கள். தூங்கவைத்த பிறகு தலையணையோ சுருட்டிய சேலையோ தொட்டிலுக்குள் அணை வைக்காதீர்கள், மூச்சுக்கு ஆபத்து. உங்கள் பழைய சேலை ஒன்றை மெத்தையின் மேல் இறுக்கமாக விரித்து ஓரங்களை அடியில் செருகலாம், வாசனை பழகினதாக இருக்கும்.

வாசகர், சேலம்: கப்பல் ஆட்டத்தில் குழந்தை வாந்தி எடுக்காமலிருக்க அவோமின் கால் மாத்திரை பொடித்துக் கொடுக்கலாம் என்கிறார் மருந்துக்கடைக்காரர். பத்து மாதக் குழந்தை.

கொடுக்கவே கூடாது. அவோமினில் இருப்பது புரோமெதசைன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது மூச்சை அடக்கி உயிரையே பறித்திருக்கிறது; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மருந்தோடு வரும் விவரக் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. விமானத்தில் தூங்கட்டும் என்று சிலர் ஊற்றும் ஃபெனர்கன் சிரப்பும் இதே மருந்துதான். பெயர் வேறாக இருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை.

அதற்குத் தேவையும் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே பயண மயக்கம் அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அது பாடாய்ப்படுத்தும். கைக்குழந்தை கப்பலில் விடாமல் வாந்தி எடுத்தால் ஆட்டத்தைக் காரணம் காட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள், வயிற்றுத் தொற்றாக இருக்கலாம். மயக்கம் வரப்போவது உங்களுக்குத்தான். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் எந்த மாத்திரை போடலாம் என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சிலவற்றால் குழந்தையும் மந்தமாகும். கேபினைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்தால் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்ததால் பெரும்பாலும் அமைதி. புக்கெட்டை ஒட்டிய அந்தமான் கடல் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும்.

வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்: நடுவில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்?

மூன்று பொருள் கையில் இருக்க வேண்டும்: தெர்மாமீட்டர், பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பாராசிட்டமாலில்தான் தவறு அதிகம் நடக்கிறது. இந்தியாவில் விற்கும் சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் 100 மி.கி.; சாதாரணச் சிரப்பில் ஐந்து மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு கெட்டி. ஊரில் சிரப் கொடுத்துப் பழகி, அதே அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டரிடம் அளவை மி.லி.யில் எழுதி வாங்கி, அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

கரைசலில் 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமே நல்லது. ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கண்ணளவில் பிரித்துக் கலக்கினால் உப்பு கூடிவிடும். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மி.லி., பாலாடையிலோ கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்காமல் கப்பல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வயிற்றுப்போக்கை அவர்களிடம் சொன்னால் கேபினை விட்டு வெளியே வராதீர்கள் என்பார்கள். அதற்குப் பயந்து மறைப்பவர்களால்தான் நோரோ வைரஸ் பரவுகிறது. கை துடைக்கும் ஜெல்லுக்கு அந்த வைரஸ் மசியாது. டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கப்பல் மருத்துவச் செலவு உங்கள் கணக்கில் ஏறும், காப்பீட்டில் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். பாலிசியில் குழந்தையின் பெயரும், கப்பலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவும் இருக்கிறதா பாருங்கள். ஆறு மாதம் முடிந்திருந்தால் ஃப்ளூ தடுப்பூசியையும், வெளிநாட்டுப் பயணத்துக்காகத் தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே போடுவதையும் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

வாசகர், சென்னை: பால்கனி கேபினா, ஜன்னல் இல்லாத உள் கேபினா?

தவழ ஆரம்பித்துவிட்டால் உள் கேபின். விளக்கை அணைத்தால் பட்டப்பகலும் நள்ளிரவு, குழந்தை நன்றாகத் தூங்கும். பால்கனியின் பயன் குழந்தை தூங்கும்போது நீங்கள் வெளியே உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதுதான். அதற்காக எடுத்தால், கம்பியோரம் நாற்காலி போடாதீர்கள், கதவைத் தாழிட்டே வையுங்கள்.

ஏறியதும் கேபின் பணியாளரிடம் கைக்குழந்தைக்கான உயிர்காப்பு அங்கியைக் கேளுங்கள். 15 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குத் தனி அளவு உண்டு. கேபின் அலமாரியில் பெரியவர்களுக்கானது மட்டும் இருக்கக்கூடும். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணமென்றால் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒருமுறை மாட்டிப் பாருங்கள், வார் எங்கே போகிறது என்பது பதற்றத்தில் புரியாது.

வாசகி, ஈரோடு: என்னென்ன பேப்பர் வேண்டும்?

குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட், பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்கு ஆதாரம். பெயர் பதியாமல் வாங்கிய சான்றிதழாக இருந்தால் முதலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து திரும்ப வேண்டியதுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு, பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்ஸர் டி என்ற உறுதிமொழிப் படிவமும் வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், சிங்கப்பூர் விசா பல முறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைக் குழந்தைக்கும் சேர்த்து இணையத்தில் நிரப்புங்கள், கப்பலில் திரும்பும்போது மறுபடியும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் என்றால் போலி.

வாசகி, திருச்சி: ஸ்ட்ரோலர் தேவையா? டயப்பர் எத்தனை?

ஒரு கையால் மடிக்கிற மெலிந்த ஸ்ட்ரோலர். அகலமானது கேபின் கதவில் முட்டும்; தாழ்வாரத்திலும் நிறுத்தவிட மாட்டார்கள். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலேயே நிற்கும், இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம். புக்கெட்டில் பல கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சின்னப் படகில் இறக்குகின்றன. அங்கே துணியால் உடம்போடு கட்டிக்கொள்ளும் கேரியர்தான் கை கொடுக்கும். அலை இருந்தால் படகில் ஏறவே வேண்டாம்.

டயப்பர் நாளுக்கு எட்டு, ஐந்து நாளுக்கு நாற்பது, அவசரத்துக்குப் பத்து. துணி டயப்பர் துவைக்கப் பல கப்பல்களில் பொது வாஷிங் மெஷின் இல்லை. அழுக்கு டயப்பரைக் கட்டிப்போடச் சின்னப் பிளாஸ்டிக் பைகள் ஐம்பது எடுத்துச் செல்லுங்கள். ஈரத் துடைப்பான் எதையும் டாய்லெட்டில் போட வேண்டாம்: கப்பலில் காற்றிழுப்பில் இயங்கும் மெல்லிய குழாய்கள், ஒரு துடைப்பான் மாட்டினால் அந்த வரிசை கேபின்கள் அத்தனைக்கும் அடைத்துக்கொள்ளும்.